நாற்பத்தோராம் கல் மில்லிமீட்டர்

மலைச்சாலைப் பிரிவு அலுவலகத்தில் அந்தப் பெண்ணை எல்லோரும் மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. கையெழுத்துப் போடும்போது அவளுக்கே அது வேறு யாருடைய பெயரோ என்று தோன்றும். பட்டப்பெயர் வந்ததற்குக் காரணம் எளிமையானது. அலுவலகத்தில் மற்றவர்கள் கிலோமீட்டரில் பேசுவார்கள். இத்தனை கிலோமீட்டர் தார் போட்டோம், இத்தனை கிலோமீட்டர் தடுப்பு வைத்தோம் என்று பேசினால்தான் மேலிடத்துக்குக் காது கேட்கும். இவள் ஒருத்திதான் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று, "மூணு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கு சார்" என்பாள். மூன்று மில்லிமீட்டர் என்பது எவ்வளவு என்று விரலால் காட்டச் சொல்லிச் சிரிப்பார்கள். இவளும் காட்டுவாள். விரல்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா என்று கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பவர்களும் உண்டு.

அவள் பொறியாளர் இல்லை. கள அளவையாளர். அறுபது கிலோமீட்டர் மலை நெடுஞ்சாலையில், மலை இறங்கி வந்துவிடலாம் என்று சந்தேகப்படும் பதினோரு இடங்கள் அவள் பொறுப்பு. ஒவ்வொரு இடத்திலும் சரிவின் மேலே ஏறி, மண்ணில் விழுந்திருக்கும் விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு இரும்புக் கம்பி, அந்தப் பக்கம் ஒரு கம்பி என்று அடித்து வைத்திருந்தாள். வாரம் ஒருமுறை இரண்டுக்கும் நடுவே நாடா பிடித்து அளப்பாள். தூரம் கூடியிருந்தால் கீழ்ப்பக்கத்து மலை நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதில் புரியாமல் போக ஒன்றுமே இல்லை. ஆனாலும் பத்தொன்பது வருடமாக இதைப் புரிந்துகொள்ளாமலே மூன்று அதிகாரிகள் ஓய்வு பெற்றுப் போனார்கள்.

நான்காவதாக வந்தவர் இப்போதைய செயற்பொறியாளர். சுறுசுறுப்பானவர். வந்த வருடமே நாற்பத்தோராம் கல்லில் சாலையை அகலப்படுத்தி, வண்டிகளை நிறுத்திப் பள்ளத்தாக்கை வேடிக்கை பார்க்க ஓர் இடம் கட்டினார். இடம் வேண்டுமென்றால் எதையாவது வெட்ட வேண்டும். பள்ளத்தாக்குப் பக்கம் வெட்ட முடியாது, அங்கே வெறும் காற்றுதான். ஆகவே மலையின் அடியை வெட்டினார்கள். பல நூறு அடி உயரத்துக்கு நிற்கும் மண்ணும் பாறையும் எதன்மேல் காலை ஊன்றி நின்றதோ அதையே சுரண்டி எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு கல்சுவரைக் கட்டி, சுவரில் திறப்பு விழாக் கல்வெட்டும் பதித்தார்கள். சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற வரிசையாகத் துளைகள் விட்டிருந்தான் மேஸ்திரி. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அந்தத் துளைகளில் தண்ணீர் கசிந்தது. வருகிறவர்களின் செருப்பு நனையுமே என்று எல்லாத் துளைகளையும் சிமெண்டு வைத்து அடைக்கச் சொன்னார் செயற்பொறியாளர். விழா நன்றாக நடந்தது. யாருடைய செருப்பும் நனையவில்லை.

அந்த வருட மழை முடிந்ததும், சாலைக்கு மேலே அறுபது மீட்டர் உயரத்தில், மரங்களுக்கு நடுவே ஒரு விரிசலைப் பார்த்தாள் மில்லிமீட்டர். விரல் நுழையும் அகலம். நீளம் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, பிறை மாதிரி வளைந்து கிடந்தது. அன்றைக்கே கம்பி அடித்தாள். அறிக்கை எழுதினாள். அறிக்கை மேலே போய், "பார்க்கப்பட்டது" என்ற குறிப்போடு கீழே வந்தது. இரண்டாவது அறிக்கையும் பார்க்கப்பட்டது. மூன்றாவது அறிக்கைக்கு ஒரு குழு அமைத்தார்கள்.

குழுவில் ஐந்து பேர். அவர்கள் வந்த அன்று மழை பெய்ததால், நிலச்சரிவை ஆராய வந்தவர்கள் வண்டியை விட்டு இறங்க முடியவில்லை. கண்ணாடியை இறக்கிச் சரிவைப் பார்த்தார்கள். சாரல் அடித்ததால் ஏற்றிவிட்டார்கள். பிறகு விருந்தினர் மாளிகையில் சாப்பிட்டுவிட்டு, நாற்பது பக்கத்துக்குப் பரிந்துரை எழுதினார்கள். அதன்படி இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, சரிவில் முப்பது மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு ஒரு குழாயை இறக்கினார்கள். அதற்குள் கயிற்றில் கட்டிய ஒரு கருவியை இறக்கினால் குழாய் எந்த ஆழத்தில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லும். இன்னொன்று, ஒரு கம்பத்தில் தானியங்கி எச்சரிக்கைக் கருவி. மலை அசைந்தால் அதுவே செயற்பொறியாளரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். அனுப்பவும் செய்தது. என்ன, அதில் ஏற்றியிருந்த எண், இரண்டு வருடத்துக்கு முன்பே ஓய்வு பெற்றுப்போன பழைய செயற்பொறியாளருடையது. யாரோ கடன் அட்டை விற்கிறவர்கள் என்று நினைத்து அவர் அந்த எண்ணைத் தடை செய்துவிட்டார். எண்ணை மாற்றச் சொல்லி மில்லிமீட்டர் எழுதிய கடிதமும் பார்க்கப்பட்டது.

இவ்வளவும் அலுவலகக் கதையாக மட்டும் இருந்திருந்தால் அவளும் மற்றவர்களைப் போல ஐந்து மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பாள். ஆனால் அவள் கணவன் அதே சாலையில் பேருந்து ஓட்டுகிறவன். நாளுக்கு நான்கு தடவை, ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு, நாற்பத்தோராம் கல்லைத் தாண்டுகிறவன். போதாக்குறைக்கு அவனுடைய தங்கை, அதாவது இவளுடைய நாத்தனார், அந்தக் கல்சுவருக்குப் பக்கத்திலேயே டீக்கடை வைத்திருந்தாள். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் டீ குடிப்பார்கள். நல்ல இடம். மலை விழுந்தால் முதலில் விழுகிற இடமும் அதுதான்.

"கடையை அந்தப் பக்கம் மாத்திக்கயேன்" என்று மில்லிமீட்டர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க அண்ணி. மலை அங்கேயேதான் நிக்குது, நானும் இங்கேயேதான் நிக்கிறேன். உங்க மூணு மில்லிமீட்டருக்குப் பயந்து போனா என் பின்னாடி வர்றவன் எவனாவது வந்து கடை போட்டுருவான்."

"இப்ப மூணு இல்ல. பதினொண்ணு."

"சரி, டீ ஆறுது, குடிங்க."

இந்த வருட மழையில் கணக்கு மாறியது. முதலில் ஒரு மில்லிமீட்டர் நகர ஐந்து நாள் எடுத்துக்கொண்ட மலை, பிறகு மூன்று நாளில் நகர்ந்தது. பிறகு ஒன்றரை நாளில். மில்லிமீட்டர் வாரம் ஒருமுறை ஏறுவதை விட்டுத் தினம் ஏறினாள். பிறகு காலையும் மாலையும் ஏறினாள். ஒரு திங்கட்கிழமை குழாய்க்குள் கருவியை இறக்கியபோது பதினான்காவது மீட்டரில் அது நின்றுவிட்டது. ஏற்றி இறக்கிப் பார்த்தாள். திருப்பி இறக்கிப் பார்த்தாள். பதினான்குக்குக் கீழே போக மறுத்தது. அந்த ஆழத்தில் மலை குழாயை மடித்துவிட்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அங்கேயே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பதினான்கு மீட்டர் கனமுள்ள ஒரு பாளம், அவளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, சாலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

நேரே செயற்பொறியாளரிடம் போனாள்.

"கருவி கீழ போகலையா? அப்ப கருவி ரிப்பேர்" என்றார் அவர். "புதுசுக்கு எழுதிப் போடும்மா."

"கருவி நல்லா இருக்கு சார். குழாய்தான் வளைஞ்சிருக்கு."

"குழாய் ஏன் வளையுது?"

"மலை நகருது சார்."

"அதை யார் சொன்னது?"

"குழாய்தான் சார் சொல்லுது."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பின்னால் சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தது. 'சாலை மூடப்படாத நாட்கள்: 212' என்று அதில் எழுதியிருந்தது. தினம் காலையில் அந்த எண்ணை அழித்து ஒன்று கூட்டி எழுதுவது அலுவலக உதவியாளரின் முதல் வேலை. வருடம் முழுக்க ஒரு நாள்கூடச் சாலையை மூடாத பிரிவுக்கு மேலிடம் ஒரு கேடயம் கொடுக்கும். பக்கத்துப் பிரிவு ஏற்கெனவே ஒரு பாலம் உடைந்து போட்டியிலிருந்து விலகிவிட்டது. கேடயம் இவருடைய மேசைக்கு வருகிற வழியில் இப்போது நின்றது ஒரு மலையும் இந்த அம்மாளும்தான்.

மில்லிமீட்டர் பையிலிருந்து ஒரு கட்டத் தாளை எடுத்து விரித்தாள். ஒரு மில்லிமீட்டர் நகர எத்தனை மணி நேரம் ஆகிறது என்று நாள்வாரியாகப் புள்ளி வைத்திருந்தாள். புள்ளிகள் படிக்கட்டு இறங்குவதுபோல இறங்கிக்கொண்டே வந்தன. அவற்றைச் சேர்த்து அளவுகோல் வைத்துக் கோடு இழுத்தால், கோடு அடிக்கோட்டைத் தொடும் இடம் வியாழக்கிழமை. அதற்கு மேல் அளப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

"வியாழக்கிழமை எத்தனை மணிக்கு?" என்றார் செயற்பொறியாளர்.

"அது தெரியாது சார். முன்ன பின்னயும் ஆகலாம். மழையைப் பொறுத்தது."

"மணி தெரியாது, நாளும் முன்ன பின்ன ஆகலாம். இதை வச்சு நான் ரோட்டை மூடணும். ஏம்மா, மலை உன்கிட்ட மட்டும் சொல்லிட்டு வருமா?"

அறையில் இருந்த மற்றவர்கள், சிரிக்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று தெரிந்து சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் சாப்பிடவில்லை. கணவன் சாப்பிட்டு முடிக்கும்வரை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சு குறைவான ஆள். நாள் முழுக்க ஐம்பது பேர் பேசுவதைக் கேட்டுவிட்டு வருவதால் வீட்டில் மௌனம்தான் அவனுக்கு ஓய்வு.

"வியாழக்கிழமை லீவு போடுன்னு சொல்ல வர்றே, அதானே?" என்றான் கடைசியில்.

"நீங்க லீவு போட்டா வண்டி நின்னுருமா?"

"இல்ல. வேற ஒருத்தர் எடுப்பார்."

"அவருக்கும் வீட்ல ஆள் இருக்கும் இல்ல."

அவன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். "அதான் நானும் யோசிச்சேன்" என்றான். "லீவு போடல. நீ செய்யறதைச் செய். நான் வண்டியில இருந்து பார்த்துக்கறேன்."

அவன் எதைப் பார்த்துக்கொள்வான் என்று அவளுக்கு விளங்கவில்லை. அவனுக்கும் விளங்கியிருக்காது. ஆனாலும் அதற்குப் பிறகு அவளால் கொஞ்சம் சாப்பிட முடிந்தது.

மறுநாள் அவள் துறையின் விதிப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்தொன்பது வருடத்தில் அதை முழுதாகப் படித்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நிலச்சரிவு அபாயத்துக்காகச் சாலையை மூட ஐந்து கையெழுத்து வேண்டும். முதல் கையெழுத்தே செயற்பொறியாளருடையது. ஆனால் பராமரிப்புப் பணிகளுக்காகக் களப்பணியாளரே ஒரு நாள்வரை சாலையை மூடலாம். புல் வெட்டுவதற்கு மூடலாம். செத்த மாட்டை அப்புறப்படுத்த மூடலாம். நடுவில் வெள்ளைக் கோடு போட மூடலாம். ஆயிரம் லாரி மண் தலையில் விழப்போகிறது என்றால் மட்டும் மூட முடியாது. எழுதியவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்க வேண்டும்.

செத்த மாடு உடனே கிடைக்காது என்பதால் வெள்ளைக் கோட்டைத் தேர்ந்தெடுத்தாள்.

சாலைப் பணியாளர்களின் மேஸ்திரி, சுவரில் துளை விட்ட அதே ஆள், முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"கோடு மெதுவா போடணுமாக்கா?"

"ரொம்ப மெதுவா."

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நாற்பதாம் கல்லிலும் நாற்பத்திரண்டாம் கல்லிலும் தடுப்பு வைத்தாகிவிட்டது. மழை நின்று வெயில் அடித்தது. நடுவில் மேஸ்திரியும் நான்கு பேரும் கோடு போட்டார்கள். அப்படி ஒரு கோட்டை அந்தச் சாலை கண்டதில்லை. முதலில் கூட்டிப் பெருக்கினார்கள். பிறகு கயிறு பிடித்தார்கள். கயிறு கோணலாக இருப்பதாக ஒருவன் சொல்ல, அவிழ்த்து மறுபடி பிடித்தார்கள். மணிக்கு ஒரு கோடு வீதம், கல்யாணப் பெண்ணுக்கு மை தீட்டுகிற அக்கறையோடு வேலை நடந்தது. மேஸ்திரி நொடிக்கொருதரம் மலையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

இரண்டு பக்கமும் வண்டிகள் தேங்கின. பழைய சாலை வழியாகச் சுற்றிப் போக நான்கு மணி நேரம் ஆகும். சிலர் திரும்பிப் போனார்கள். மற்றவர்கள் இறங்கி வந்து மில்லிமீட்டரைத் திட்டினார்கள். திட்டியவர்களில் பல வகை. காய்கறி லாரிக்காரர், "கோடு இல்லாம இவ்வளவு நாள் நாங்க பள்ளத்துலயா ஓட்டினோம்" என்றார். கோட்டும் டையும் அணிந்த ஒருவர் அவளுடைய பெயரையும் பதவியையும் எழுதிக்கொண்டார். வரிசையில் முதல் வண்டி அவள் கணவனுடைய பேருந்து. அவன் இயந்திரத்தை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து, செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பின்னால் இருந்து ஒரு பயணி, "யாருய்யா அந்தப் பொம்பள, மூளை கெட்டது?" என்று கேட்டபோது, "என் வீட்டுக்காரிதாங்க" என்றான் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். அதற்குப் பிறகு அந்தப் பேருந்தில் இருந்தவர்கள் ஆட்சியைத் திட்டினார்கள்.

மலை விழவில்லை.

பன்னிரண்டு மணிக்கும் விழவில்லை, மூன்றுக்கும் விழவில்லை. மழை இல்லாததால் மலை சற்று மூச்சு வாங்குகிறது என்று கம்பிகளை அளந்தவளுக்குத் தெரிந்தது. மற்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு கிலோமீட்டர் சாலையில் பதினொரு வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது என்பது மட்டும். ஐந்து மணிக்குச் செயற்பொறியாளருக்கு விஷயம் எட்டியது. கோட்டும் டையும் அணிந்தவர் மேலிடத்துக்கே பேசிவிட்டிருந்தார். ஆறு மணிக்குத் தடுப்புகளை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அலுவலகத்தில் பலகையில் இருந்த எண்ணை அழித்து, உதவியாளர் ஒரு சுழியம் எழுதினார். அதை எழுதும்போது அவர் கண் கலங்கியதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

மில்லிமீட்டருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அவள் நின்ற இடத்திலேயே பதில் எழுதினாள். தன்னுடைய கணிப்பு தவறாக இருக்கலாம் என்றும், அதை எல்லோர் முன்னிலையிலும் நிரூபிக்க, செயற்பொறியாளர் அவர்களே நாளைக் காலை பத்து மணிக்குப் பத்திரிகைக்காரர்களோடு நாற்பத்தோராம் கல்லுக்கு வந்து நேரில் ஆய்வு செய்தால், பொதுமக்களின் பயம் நீங்கும் என்றும் எழுதினாள்.

செயற்பொறியாளர் அதை இரண்டு தடவை படித்தார். பல மாதத்தில் அவள் எழுதிய கடிதங்களில் அவருக்குப் புரிந்த முதல் கடிதம் அதுதான். "இப்பத்தான் உனக்குப் புத்தி வந்திருக்கு" என்றார். பத்திரிகைகளுக்குச் சொல்லச் சொன்னார். போக்குவரத்துப் போலீசுக்கும் சொல்லச் சொன்னார். அவள் எதிர்பார்த்ததும் அதுதான். அவர் மாதிரி ஆள் சாலையில் இறங்கி நடக்கிறார் என்றால், போலீஸ் அரை மணி நேரம் முன்பே இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிடும். அதற்கு ஒரு கையெழுத்துகூடத் தேவையில்லை.

ஆனால் ஒன்பதரை மணிவரை சாலை திறந்துதான் இருந்தது. ராத்திரி முழுக்க வண்டிகள் போயின. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பதினைந்து மணி நேரத்தைப் பற்றி மட்டும் அவள் பின்னால் யாரிடமும் பேசியதில்லை, கணவனிடம்கூட.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு மறுபடி மேலே ஏறிப் பார்த்தாள். நேற்றுச் சாயங்காலத்துக்கு இப்போது முப்பத்தாறு மில்லிமீட்டர் கூடியிருந்தது. நாடாவைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே எண் மாறியது. ஒரு கம்பி பல் ஆடுவதுபோல ஆடியது. மரங்கள் நேற்று நின்ற மாதிரி நிற்கவில்லை. விழுந்து எழுந்து கீழே ஓடிவந்தாள்.

போலீஸ் ஒன்பதரைக்கு வண்டிகளை நிறுத்தியது. அவளுடைய கணவனின் பேருந்து தெற்குப் பக்கம், நான்காவதாக நின்றது. வடக்கு முனையில், சரிவிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி, ஒரு பாறை முகட்டுக்குக் கீழே நாற்காலிகள் போட வைத்தாள். மிச்சம் இருந்தது டீக்கடை. நாத்தனாரிடம் போய் மலை விழப்போகிறது என்றால் டீ ஆறுகிறது என்பாள். ஆகவே கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"பெரிய ஆபீசர், பத்திரிகைக்காரங்க எல்லாம் வர்றாங்க. இருபது டீ வேணும். வடக்கு முனைக்கு நீயே கொண்டு வந்து கொடு."

"இருபதா? இங்க வரச் சொல்லுங்க அண்ணி, உக்காந்து குடிக்கட்டும்."

"அவங்க நடக்க மாட்டாங்க. பாத்திரத்தோட கொண்டு வா. அடுப்பை அணைச்சிட்டு வா, நேரமாகும்."

நாத்தனார் பெரிய கெட்டிலைத் தூக்கிக்கொண்டு, ஒரு கூடையில் கோப்பைகளோடு, முணுமுணுத்துக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

மழை விட்டு வெயில் தலைகாட்டியதும், பத்தே காலுக்கு, செயற்பொறியாளர் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. நேரே கல்சுவருக்கு நடந்தார். கல்வெட்டுக்கு அடியில் நின்று, சுவரை ஒரு கையால் தட்டிக்கொடுத்தபடி படம் எடுக்க வேண்டும் என்பது அவர் யோசனை. இதை மில்லிமீட்டர் கணக்கில் எடுத்திருக்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் நான்கு பேரும் அவர் பின்னாலேயே போனார்கள். அவள் ஓடினாள். சுவருக்குப் பக்கத்தில் எப்போதும் தெளிவாக ஓடும் ஊற்று சேறாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் நின்றது. மேலிருந்து சிறு கற்கள் ஒவ்வொன்றாக உருண்டு வந்து சாலையில் தாவின.

"சார், வாங்க சார், விழப்போகுது" என்றாள்.

"அதை நிரூபிக்கத்தானேம்மா வந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு, புகைப்படக்காரரைப் பார்த்துத் தாடையை உயர்த்தினார்.

அந்த இடத்தில் அவளுக்கு எப்படி அது தோன்றியது என்று அவளுக்கே தெரியாது. "சார், இங்க வெளிச்சம் பின்னாடி இருந்து வருது. உங்க முகம் கறுப்பா விழும்" என்றாள். "அந்த முனையில நின்னா முகம் நல்லாத் தெரியும். சுவரும் முழுசா வரும்."

செயற்பொறியாளர் வானத்தைப் பார்த்தார். புகைப்படக்காரரைப் பார்த்தார். அவரும் கற்களைக் கவனித்துவிட்டிருந்தார் போலிருக்கிறது. "ஆமா சார், கறுப்பாத்தான் விழும், வேகமா வாங்க" என்று முன்னால் ஓடினார். கறுப்பாக விழுவது என்ற அபாயத்தைச் செயற்பொறியாளர் உடனே புரிந்துகொண்டார். வேகமாக நடந்தார். அவருக்குப் பின்னால் மற்ற மூவரையும் மில்லிமீட்டர் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போனாள்.

நாற்காலிகளை அடைந்து ஐந்து நிமிடம்கூட இருக்காது. முதலில் வேர்கள் அறுகிற சத்தம். தடிமனான துணியை யாரோ நிதானமாகக் கிழிக்கிற மாதிரி. மரங்கள் எல்லாம் ஒன்றாக, நின்ற வாக்கிலேயே, சாலையை நோக்கி நடந்து வந்தன. பிறகு நடையை விட்டு ஓடின. கல்சுவர் வயிற்றைத் தள்ளியது, வெடித்தது, காணாமல் போனது. டீக்கடை எந்த நேரத்தில் போனது என்று யாருமே கவனிக்கவில்லை. இருநூறு மீட்டர் சாலை, பதினொரு வெள்ளைக் கோடுகளோடு, பள்ளத்தாக்குக்குள் இறங்கியது. தூசி அடங்க வெகு நேரம் ஆயிற்று.

நாத்தனார் கையில் கெட்டிலோடு அப்படியே நின்றாள். "அண்ணி" என்றாள். பிறகு தன் கையில் இருப்பதைக் கவனித்து, என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்தில் இருந்தவருக்கு ஒரு டீ ஊற்றிக் கொடுத்தாள். மில்லிமீட்டர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். தெற்குப் பக்கம் நின்ற கணவனோடு பேச அரை மணி நேரம் தொடர்பு கிடைக்கவில்லை. கிடைத்ததும் அவன் கேட்டது, "தங்கச்சி?" என்று. அடுத்தது, "நீ சாப்பிட்டியா?"

செயற்பொறியாளர் சுதாரித்துக்கொள்ளப் பத்து நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு அவருக்குப் பேச்சு தடையில்லாமல் வந்தது. இரண்டு பக்கமும் போக்குவரத்தை நிறுத்தியது யார் உத்தரவு என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். "என் வருகைக்காகத்தான் நிறுத்தினாங்க" என்றார் அவர். பொய் இல்லை. மறுநாள் பத்திரிகைகளில், அதிகாரியின் தொலைநோக்கால் நூற்றுக்கணக்கான உயிர்கள் தப்பின என்று வந்தது. அவருடைய படம் நன்றாக விழுந்திருந்தது. முகத்தில் வெளிச்சம் சரியாக அடித்திருந்தது. அந்த வருடம் மேலிடம் அவருக்குக் கேடயம் கொடுத்தது. சாலையை மூடாததற்கான கேடயம் அல்ல, சரியான நேரத்தில் மூடியதற்கான கேடயம். அது புதிதாக உருவாக்கப்பட்டது.

மில்லிமீட்டரை மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அவளுக்கும் ஒரு கடிதம் வந்தது. வியாழக்கிழமை இரண்டு கிலோமீட்டருக்கு வெள்ளைக் கோடு போடப் பெயிண்ட் எடுத்தவர், பதினொரு கோடுகளோடு நிறுத்தியது ஏன், மீதி எப்போது போடப்படும் என்று கேட்டிருந்தார்கள். சாலை பள்ளத்தாக்கின் அடியில் இருப்பதாகவும், அங்கே இறங்க வழி செய்து கொடுத்தால் பணியைத் தொடரத் தயார் என்றும் பதில் எழுதினாள். பதில் பார்க்கப்பட்டது.

சரிந்த இடத்துக்கு மேலே, பாறையைக் குடைந்து, ஒற்றை வண்டி போகும் அகலத்துக்குத் தற்காலிகப் பாதை போட ஏழு மாதம் ஆனது. இந்தத் தடவை கட்டிய சுவரில் தண்ணீர் போகத் துளைகள் விட்டார்கள். மேஸ்திரி பக்கத்திலேயே நின்று யாரும் அடைக்காமல் பார்த்துக்கொண்டான். பாதை தொடங்கும் இடத்தில் பெரிய மின்பலகை வைத்திருக்கிறார்கள். 'பயணம் இனிதாக அமையட்டும்' என்று அது மழையிலும் வெயிலிலும் ஒரே உற்சாகத்தோடு சொல்கிறது. அதற்குக் கீழே மில்லிமீட்டருக்கு ஒரு தகரக் கொட்டகை. காலையும் மாலையும் மேலே ஏறி அளந்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பாள். நாத்தனாரின் புதுக் கடை எதிரே. இடத்தைத் தேர்ந்தெடுக்க அவள் அண்ணியை மூன்று நாள் சுற்ற வைத்தாள்.

மின்பலகையை ஓட்டுநர்கள் யாரும் பார்ப்பதில்லை. கொட்டகைக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, அவளைத்தான் பார்க்கிறார்கள். அவளுக்கு அந்த அதிகாரத்தை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. போன வாரம் மழைநாள் ஒன்றில், அதே காய்கறி லாரிக்காரர், அவளை எப்போதோ திட்டியது நினைவிருந்ததாலோ என்னவோ, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"போகலாமாம்மா?"

"கொஞ்சம் பொறுங்க" என்று நாடாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "மேலே போய் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்."

லாரிக்காரர் இயந்திரத்தை அணைத்தார். பின்னால் நின்ற பதினேழு வண்டிகளும் அணைத்தன. ஒருவரும் ஒலிப்பானை அடிக்கவில்லை.